ட்ரம் கோட்டைக்குப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வேலைக்காகக் குடிவருகிற நம் ஆட்களுக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே கோட்டைச் சலிப்பு என்று ஒன்று வந்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள், மாமனார் மாமியார் வருவார்கள், லண்டனிலிருந்து நண்பர்கள் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள். இவர்களையெல்லாம் எங்கே அழைத்துப்போவது என்றால், கடலையும் மலையையும் விட்டால் இந்தப் பக்கம் கோட்டைதான். மூன்று நாலு கோட்டை ஆனதும் என் மாமியார், "எல்லாம் ஒண்ணு மாதிரிதானேம்மா இருக்கு, இங்கயும் அதே கட்டில், அதே மான் கொம்பு" என்று சொல்லிவிட்டு டீ விற்கும் பக்கம் நடந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாற்காலி, பீங்கான், கொள்ளுத் தாத்தாக்களின் ஓவியம் என்று பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் ஒன்று மாதிரிதான் இருக்கும்.

நான் சிவில் படித்தவள். கணவருக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை, வாரக்கணக்கில் அங்கேயே இருப்பார். அந்த வாரங்களில் நான் பையனைக் கூட்டிக்கொண்டு சுற்றக் கிளம்பி, அப்படியே இந்தப் பழைய வீடுகளைக் கட்டடமாகப் பார்க்கப் பழகிவிட்டேன். நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அமைப்பில் குடும்ப உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் அவர்கள் பராமரிக்கும் இடங்களுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம், அதனால் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். இந்த மாதிரி வீடுகளுக்கு அது முக்கியம். முதல் முறை போகும்போது கதை கேட்பதிலேயே நேரம் போய்விடும். சுவர் கண்ணில் படுவதெல்லாம் இரண்டாவது முறைதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ட்ரம். அபர்டீனிலிருந்து மேற்கே பேன்கரி போகும் ஏ93 சாலையில் பத்து மைல் போல வரும். ஸ்காட்லாந்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய டவர் ஹவுஸ்களில் ஒன்று இங்கே இருக்கிறது. டவர் ஹவுஸ் என்றால் கோட்டை மதிலுக்குள் நிற்கும் கோபுரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கோபுரமே வீடு. நாம் தரையில் பரப்பிக் கட்டும் அறைகளை அவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 1323-ல் அரசர் ராபர்ட் தி புரூஸ் இந்த இடத்தை வில்லியம் டி இர்வின் என்பவருக்குக் கொடுத்தார், அதிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை ஒரே குடும்பம், இருபத்துநாலு தலைமுறை. கடைசி இர்வின் இறந்தபோது டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டார். அறுநூற்றைம்பது வருடம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வீடு என்பதால், விற்றவர் வாங்கியவர் குழப்பமில்லாமல் யார் எதை எதற்காகச் சேர்த்தார்கள் என்று பின்தொடர முடிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனவுடன் உள்ளே போகாதீர்கள். டிக்கெட் கொடுப்பவர் கையைக் காட்டுகிற கதவு விக்டோரியா காலத்தில் வைத்த கதவு, அதாவது கதையின் கடைசி அத்தியாயம். அதன் வழியாக நுழைந்தால் வீட்டைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள். முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள், மழை பெய்தாலும் சரி. தெற்குப் பக்கப் புல்வெளியில் தள்ளி நின்று பார்த்தால் மூன்று வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது தெரியும். ஒரு ஓரத்தில் மொட்டையாக, சன்னல் என்று சொல்லக்கூட முடியாத பிளவுகளோடு ஒரு பெரிய கல் பெட்டி, உச்சியில் பல் வைத்த கைப்பிடிச் சுவர். அதன் பக்கத்தில் முக்கோண முகப்புகளும் வரிசையாகச் சன்னல்களும் வைத்த நீண்ட வீடு. அப்புறம் முற்றத்துப் பக்கம் இவற்றையெல்லாம் ஒட்டுப்போட்டு இணைக்கும் சின்னச் சின்னச் சேர்மானங்கள்.

அந்தக் கல் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உயரம் சுமார் 70 அடி, அடிச்சுவர் தடிமன் 12 அடி வரை. நம் ஊரில் ஒரு சின்னப் படுக்கையறையின் அகலம் அது, இங்கே அவ்வளவும் சுவருக்கே போய்விட்டது. மூலைகளைக் கவனியுங்கள், சதுரமாக முடியாமல் உருண்டு திரும்பும். அபர்டீன் பக்கத்துக் கிரானைட் அவ்வளவு சுலபத்தில் உளிக்கு இணங்காது. பாறையை வெட்டி எடுத்துக் கூர்மையான விளிம்போடு செதுக்குவதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இங்கே பரவலானது, அதுவரை வயலிலும் ஆற்றோரத்திலும் கிடந்த உருண்டைக் கல்லைப் பொறுக்கித்தான் கட்டினார்கள். உருண்டைக் கல்லில் கூரான மூலை எடுப்பது எவ்வளவு வேலை என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். மூலையை உருட்டிவிட்டதற்கு எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். தாக்க வருகிறவன் கடப்பாரை போட்டு நெம்ப மூலைக்கல்லும் கிடைக்காது, அது கூடுதல் லாபம். இதிலிருந்து கையில் எடுத்துக்கொள்ள ஒரு சூத்திரம்: இந்தப் பகுதியில் ஒரு கோட்டையின் கிரானைட் கத்தியால் வெட்டியதுபோல விளிம்போடு இருந்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் புதுசு. எவ்வளவு கோபுரம், எவ்வளவு கொம்பு முளைத்திருந்தாலும் ஏமாற வேண்டாம்.

கோபுரத்துக்குள் மூன்று கல் கமான்கள், அதாவது வளைந்த கல் கூரைகள், ஒன்றன் மேல் ஒன்று. கீழே சாமான் வைக்கும் நிலவறை, அங்கேயே கிணறு. அதற்கு மேலே கூடம், அதற்கும் மேலே இன்னொரு கூடம். ஆதியில் வாசல் தரையில் இல்லை, முதல் மாடி உயரத்தில். ஏணியையோ மரப்படியையோ உள்ளே இழுத்துக்கொண்டால் வீடு பூட்டியாயிற்று. மரத்தளம் போடாமல் கமான் கட்டியது நெருப்புக்குப் பயந்து. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. 1411-ல் ஹார்லா என்ற இடத்தில் நடந்த சண்டையில் இந்த வீட்டு லேர்ட், அதாவது நிலக்கிழார், எதிர்த்தரப்புத் தலைவன் ஒருவனோடு தனியாக மோதி இருவருமே செத்துப்போனார்கள் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் 12 அடிச் சுவர் ஆடம்பரம் இல்லை.

அடுத்து 1619. ஒன்பதாவது லேர்ட் கோபுரத்தை ஒட்டி ஒரு மாளிகை கட்டுகிறார். இதற்குப் பதினாறு வருடம் முன்னால்தான், 1603-ல், ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசராகி லண்டன் போயிருந்தார். இனி நாட்டில் அமைதிதான் என்று பணமுள்ளவர்கள் நம்பிய காலம். அந்த நம்பிக்கையைச் சுவரில் டேப் வைத்து அளக்கலாம். புது வீட்டின் சன்னல் ஒன்றின் பக்கத்தில் நின்று, உள் சுவரிலிருந்து கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், கோபுரத்தில் அதே ஆழத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மண், ஒரே கல்தான், ஆனால் சுவர் பாதிக்கும் கீழே இளைத்துவிட்டது. சன்னல்கள் பெரிதாகின்றன, வரிசைக்கு வருகின்றன, வெளிச்சம் வருகிறது. கீழ்த்தளத்தில் மட்டும் பழைய பழக்கம் விடவில்லை, சமையலும் சாமானும் கமான் கூரைக்குக் கீழேதான். மேல்தளம் விருந்துக்கு, அடித்தளம் முற்றுகைக்கு. பாதி மனதோடு நம்புகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் கட்டுவார்கள்.

அந்த நம்பிக்கை இருபது வருடம் சொச்சம்தான் தாங்கியது. 1640-ல் மதச்சண்டை முற்றி, இர்வின்கள் அரசர் பக்கம் என்பதால் எதிர்த்தரப்புப் படை வந்து வீட்டைப் பிடித்துச் சூறையாடியது, பிறகு அதே பத்தாண்டிலேயே இன்னொரு தடவையும் அடி விழுந்தது. பீரங்கி வந்தபிறகு 12 அடியாவது 2 அடியாவது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், மெல்லிய சுவர் கட்டியதற்காகப் பட்டார்கள் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள், எனக்கு அது ஒப்புக்கொள்ளத் தோன்றவில்லை. தடித்த சுவரின் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது, அவர்கள் கணக்கு சரிதான்.

அப்படியானால் உபயோகமில்லாத கோபுரத்தை ஏன் இடிக்கவில்லை? வெளியே சுற்றும்போது என் பையன் கேட்ட கேள்வி இது. எல்லோரும் முன்னோர் பெருமை, பாரம்பரியம் என்று பதில் சொல்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் சைட்டில் நின்றவர்களுக்கு வேறு பதில் முதலில் தோன்றும்: இடிக்கிற கூலி. அத்தனை தடிமனில் சுண்ணாம்புச் சாந்து நூற்றாண்டுகளாக இறுகிக் கிடக்கிற சுவரை மனிதக் கையால் பிரித்து, கல்லை இறக்கி, குப்பையை எடுத்துப்போட்டு, அப்புறம்தான் புது வீடு என்றால் எந்த நிலக்கிழார் ஒப்புவார்? அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் கட்டுவது லாபம். தரைக்கு மேலே கமான் போட்ட கிடங்கு இலவசமாகக் கிடைக்கிறது, புது வீட்டின் ஒரு பக்கத்தைச் சாய்த்துக்கொள்ள ஒரு மலை கிடைக்கிறது. பிரிட்டன் முழுக்க இடைக்காலக் கோபுரங்கள் மாளிகைகளுக்குள் புதைந்து தப்பித்ததற்கு வரலாற்றுப் பற்று பாதிக் காரணம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன், மீதிப் பாதி கஞ்சத்தனம்.

இனி உள்ளே போகலாம். மாளிகையின் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறக்கும். பதினேழாம் நூற்றாண்டில் நடைக்கூடம் என்ற யோசனை இன்னும் சரியாக வரவில்லை, கடைசி அறைக்குப் போக வேண்டுமென்றால் எல்லா அறை வழியாகவும் போக வேண்டும், வேலைக்காரர்கள் உட்பட. விக்டோரியா காலத்து ஆட்களுக்கு இது தாங்கவில்லை. யார் யாரைப் பார்க்கலாம், கரித்தொட்டி எந்த வழியாக வரலாம் என்பதிலெல்லாம் அவர்கள் ரொம்பக் கறார். 1870-களில் எடின்பரோ கட்டடக்கலைஞர் டேவிட் பிரைஸும் அவர் சகோதரர் மகன் ஜான் பிரைஸும் முற்றத்துப் பக்கம் வேலை செய்தது இந்தத் தொல்லைக்குத்தான் என்று புரிந்துகொண்டால் அந்த நுழைவுக்கூடமும் இணைப்புகளும் அர்த்தமாகும். பழைய வீட்டைத் தொடாமல் அதன் முதுகில் ஒரு வழியைத் தைத்துவிட்டார்கள். அழகுக்கு அவர்கள் வைத்த கோட்டைச் சாயலை விட இந்தத் தையல்தான் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

அதற்கு முன்பே, 1840-களில், இந்த வீட்டில் இன்னொரு காரியம் நடந்திருந்தது, ட்ரம்மில் நான் எப்போதும் நின்றுவிடுகிற இடம் அதுதான். மாளிகையிலிருந்து கோபுரத்துக்குள் போக வழியில்லாமல் இருந்தது. கோபுரத்தின் கீழ்க்கூடத்தை நூலகமாக்க ஆசைப்பட்டு, அந்தச் சுவரைக் குடைந்து ஒரு வழி திறந்தார்கள். பிரகாசமான மாளிகை அறையிலிருந்து ஒரு கதவைத் தாண்டுகிறீர்கள், அது கதவாக இல்லாமல் சின்ன சுரங்கமாக இருக்கிறது, இரண்டு கையையும் நீட்டி நடக்கத் தொடங்கினால் சில அடிக்கு இரு பக்கமும் சுவர்தான், காற்று சட்டென்று குளிர்கிறது, பேச்சுச் சத்தம் பின்னால் நின்றுவிடுகிறது. அப்புறம் கமான் கூரை போட்ட பெரிய அறை, சுவரெல்லாம் அலமாரி, ஆயிரக்கணக்கில் புத்தகம். அடுப்புக்கு மேலே ஹியூ இர்வின் என்ற ஓவியர் தன்னையே காப்ரியேல் தேவதூதனாக வரைந்துகொண்ட படம் தொங்கும். மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள். எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்க ஓடுவார்கள், நீங்கள் ஒரு நிமிஷம் அந்தக் குடைந்த வழியில் நின்று போங்கள். சுமார் முந்நூறு வருட வித்தியாசமுள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிற்கிறீர்கள். நின்றால் பின்னால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

நூலகத்தில் அலமாரி வைத்தார்கள் என்றேன் அல்லவா, அதற்குப் பின்னால் என்ன ஆனது என்று யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. 2013-ல் கோபுரத்தைப் பாதுகாக்கும் வேலைக்காகப் பழைய சன்னல்களைத் தேடி அலமாரிகளின் பின்பக்கத்தைத் திறந்தபோது, தொல்லியலாளர்களுக்குச் சுவரின் தடிமனுக்குள்ளேயே மறைந்திருந்த ஒரு சிறு அறை கிடைத்தது. இடைக்காலக் கழிப்பறை. உட்காரும் மரப்பலகையின் மிச்சம்கூட அப்படியே இருந்தது. இன்னொரு மறைவறையும் கிடைத்தது. 1746-ல் கல்லோடன் போரில் தோற்ற பக்கம் நின்ற பதினேழாவது லேர்டை அவர் தங்கை மேரி வீட்டிலேயே ஒளித்துவைத்திருந்தார் என்று ஒரு கதை வழிவழியாக உண்டு, அது இந்த அறையாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கு அந்தக் கழிப்பறைதான் பெரிய விஷயம். 12 அடிச் சுவர் என்றால் 12 அடியும் கல் இல்லை. படிக்கட்டு, கழிப்பறை, அலமாரிக் குழி, ஒற்றன் நிற்கும் பொந்து எல்லாம் அதற்குள்தான். அந்தக் காலத்தில் கூடத்தின் துணை அறைகள் சுவருக்குள் இருந்தன, அதனால்தான் கூடம் மட்டும் ஒரே பெரிய வெற்றிடமாக இருந்தது. ஆகவே பழைய கோபுரத்தில் ஒரு சுவரின் தடிமனும் அதன் மறுபக்கத்து அறையின் அளவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால், நடுவில் ஏதோ இருக்கிறது. உள் அளவு, வெளி அளவு இரண்டையும் காலடியால் அளந்து கூட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு, என் பையனை ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வைத்திருக்கும் ஒரே விளையாட்டும் அதுதான்.

சுண்ணாம்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது கோட்டைக்கு மட்டுமான பாடம் இல்லை. அபர்டீனில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய கிரானைட் வீட்டின் மாடி. படுக்கையறைச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்துப்போகும். எவ்வளவு துடைத்தாலும், ஹீட்டர் போட்டாலும் அடுத்த மழைக்கு வந்துவிடும். வெளியே போய்ப் பார்த்தால் யாரோ ஒப்பந்தக்காரர் கல்லுக்குக் கல் நடுவே சிமெண்ட் பாயிண்டிங் செய்து பளபளவென்று வைத்திருந்தார். கிரானைட் தண்ணீரை உள்ளே விடாது, வெளியேயும் விடாது, பழைய சுவர் மூச்சு விடுவது இடையில் உள்ள சாந்து வழியாகத்தான். சாந்து சுண்ணாம்பாக இருந்தால் மழையில் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் காய்ந்துவிடும். அதை மேலே சிமெண்டால் அடைத்தால் சிமெண்டில் விழும் மயிரிழை வெடிப்பில் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. உள் பக்கம்தான் வந்தாக வேண்டும், அது உங்கள் படுக்கையறை. இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் எத்தனையோ கோபுரங்களுக்கு நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசி, இப்போது அதே சிமெண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இவற்றின் வெளிச்சுவருக்குப் பொடிக்கல் கலந்த சுண்ணாம்பை வீசி எறிந்து பூசுவார்கள், ஹார்லிங் என்று பெயர், மழைக்கோட்டு மாதிரி. கல்லை மொட்டையாகக் காட்டினால்தான் பழமை என்று நினைத்து விக்டோரியா காலத்தில் பல இடத்தில் உரித்துவிட்டார்கள். பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் சாவியால் பாயிண்டிங்கைச் சும்மா சுரண்டிப் பாருங்கள். கல்லைவிடக் கெட்டியாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் விலை பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

ட்ரம்மை இப்படிப் பார்த்து முடித்தபிறகு சுற்றியுள்ள மற்ற வீடுகளும் புரிய ஆரம்பித்துவிடும். ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது, தாத்தா விட்டுப்போன கோபுரத்தை என்ன செய்வது? ஆளாளுக்கு ஒரு பதில். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே க்ராத்தெஸ். அங்கே இருந்த பர்னெட் குடும்பத்துக்கும் அதே 1323-ல் அதே அரசர் நிலம் கொடுத்தார், ஆனால் அவர்கள் நீண்ட காலம் ஏரிக்குள் இருந்த தீவில் மரவீட்டில் வாழ்ந்துவிட்டு 1553-ல்தான் கோபுரம் கட்டத் தொடங்கினார்கள். அதனால் அங்கே இடைக்காலக் கோபுரம் கிடையாது, ஆனால் பழக்கம் அதே பழக்கம்: கீழே கமான், மேலே அடுக்கு அறைகள், விட்டங்களில் வண்ண ஓவியம். பின்னாளில் சேர்த்த ஒரு பக்கம் 1966-ல் நெருப்பில் போய்விட்டது, அதைச் சின்னதாகத்தான் திரும்பக் கட்டினார்கள். நானூறு வருடக் கோபுரத்துக்கு அந்த நெருப்பில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காஸில் ஃப்ரேசர் வேறு மாதிரி. அங்கே 1575-ல் தொடங்கி 1636 வரை கட்டியவர்கள் பழைய சதுரக் கோபுரத்தைப் பக்கத்தில் விடாமல் விழுங்கிவிட்டார்கள். ஒரு மூலையில் உருண்டைக் கோபுரம், எதிர் மூலையில் சதுரக் கோபுரம் என்று குறுக்கே வைத்து, மொத்தத்தையும் ஒரே கட்டடம் போல ஆக்கிவிட்டார்கள். உள்ளே எங்காவது தேவையில்லாமல் சுவர் தடித்தால் அதுதான் விழுங்கப்பட்ட பெரியவர். ஃபைவி கோட்டையில் ஐந்து குடும்பம் ஐந்து கோபுரம் கட்டியதாக ஊர் சொல்லும். அவ்வளவு சுத்தமாகப் பங்கு பிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் கடைசிக் கோபுரத்தில் சந்தேகமில்லை, அமெரிக்காவில் எஃகில் சம்பாதித்துத் திரும்பியவர் 1890-ல் கட்டியது. மின்விளக்குக் காலத்தில் பிறந்த கோபுரத்துக்கு யாரைக் கண்டு பயம்? பயம் போய் ஆசை வந்த இடம் அது. அங்கே போனால் சீட்டன் குடும்பம் 1600 வாக்கில் கட்டிய அகலமான சுருள் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள், ட்ரம் கோபுரத்தில் உடம்பைக் குறுக்கி ஏறிய படிக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று ஏறும்போதே தெரியும்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். வீட்டின் மேல் செதுக்கியிருக்கும் வருடத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், வருடக்கல்லை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பது சர்வசாதாரணம். கல் சொல்வது உண்மையாக இருந்தாலும் அது அந்தச் சன்னலுக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம். அடைத்த சன்னலைக் கண்டால் உடனே சன்னல் வரி என்று வழிகாட்டி போலப் பேசவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் அந்த வரி 1748-லிருந்து 1851 வரைதான், அதற்கு முன்பும் பின்பும் படிக்கட்டை மாற்றியதால், அடுப்பை நகர்த்தியதால், வெறுமனே குளிரால்கூட அடைத்திருக்கிறார்கள். அறைக்கு அறை தரை மட்டம் மாறும் இடங்களைக் கவனியுங்கள். காரணமில்லாமல் இரண்டு படி ஏறி இறங்க வைக்கிறதென்றால் அங்கே ஒரு வீடு முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது. வெளியே இரண்டு சுவர் சேருமிடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோர்க்காமல் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு ஓடினால் அதுவும் அதே செய்திதான்.

அறைக்கு அறை நிற்கும் தன்னார்வலர்களிடம் பேசுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், செவிலியர் என்று இருப்பார்கள், அட்டையில் எழுதியதை ஒப்பிப்பார்கள் என்று நினைத்து நாம் விலகிப்போகிறோம். "இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், வழக்கமான பேச்சை விட்டுவிட்டு எழுந்து வந்து காட்டுவார்கள். என்னிடம் ஒருவர் டார்ச் எடுத்து வந்தார்.

பெரியவர்களை அழைத்துப்போகிறீர்கள் என்றால் முதலில் படிக்கட்டை விசாரியுங்கள். கோபுரச் சுருள்படி குறுகல், ஒவ்வொரு படியும் தேய்ந்து சரிந்திருக்கும், கைப்பிடிக்குப் பல இடத்தில் கயிறுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதை விட இறங்குவதில்தான் மாட்டிக்கொள்வார்கள், பாதியில் திரும்பவும் முடியாது, பின்னால் ஆள் நிற்கும். புடவை என்றால் ஒரு கையில் கொசுவம், ஒரு கையில் கயிறு, மூன்றாவது கை இல்லை, எனவே அன்றைக்கு மட்டும் சுடிதார் போடச் சொல்லுங்கள். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், தடித்த சுவருக்குள் கோடை நுழையாது. கோபுரத்தில் பாதுகாப்பு வேலை நடந்தால் அந்தப் பகுதியை மட்டும் மூடிவைப்பார்கள், குளிர்காலத்தில் வீடே திறக்காத நாட்களும் உண்டு, கிளம்பும் முன் டிரஸ்டின் இணையதளத்தைப் பாருங்கள். பேன்கரி போகும் பேருந்து பிரதான சாலையில் இறக்கிவிடும், அங்கிருந்து நடக்க வேண்டும், அதை வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஏற முடியாதவர்களுக்கும் ட்ரம்மில் குறையில்லை. ரோஜாத் தோட்டம் இருக்கிறது, அந்தக் காலத்து அரச வனத்தின் மிச்சமான ஓக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. என் மாமியார் கடைசியாக வந்தபோது கோபுரத்தின் அடியில் நின்று அந்த உருண்ட மூலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எப்படிம்மா நூல் பிடிச்சுக் கட்டினான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் டீ குடிக்கப் போக அரை மணி நேரம் ஆயிற்று.